மெசினுக்குக் குளிருதாம்

“கேத்தில் பாரமாக் கிடக்கு, தம்பி. கொஞ்சம் குறைச்சுவிட்டால் அதுக்கும் சுகம்.”

இன்னும் ஒரு கோப்பை தேநீர் வேண்டும் என்பதை அவர் இப்படித்தான் சொல்வார். நான் அவரோடு பழகிய ஆறேழு வருடங்களில் அவர் வாயிலிருந்து ‘எனக்கு வேணும்’ என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. பசித்தால், சோறு மிஞ்சிப் பழுதாகப் போகிறதே என்று கவலைப்படுவார். களைத்துப்போனால், மண்டபத்து லைற்றுகள் காலையிலிருந்து எரியுது, பாவம், அணைத்துவிடுவோமா என்று கேட்பார். புதிதாக வந்தவர்களுக்கு இது விளங்காது. உண்மையிலேயே லைற்றை அணைத்துவிட்டு அவரை வேலைசெய்ய விட்டுவிடுவார்கள். அவரும் இருட்டில் நின்று செய்வார்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவர் கூச்சப்படுவார் என்பது ஊருக்குச் சொல்லும் காரணம். உண்மையான காரணம் என் வெட்கம்.

ஸ்காபரோவில், பண்டகசாலைகளுக்கு நடுவே, முன்னொரு காலத்தில் தளபாடக் கடையாக இருந்த கட்டடத்தில் எங்கள் கோயில் இருக்கிறது. உள்ளே பிள்ளையார் சின்னவர், வெளியே கார் தரிப்பிடம் மிகப் பெரியது. நான் கோயில் சபையில் செயலாளராக இருந்தேன். காப்புறுதி விற்கிறவன், வாயால் பிழைக்கிறவன். அவர் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். செருப்பு அடுக்குவது, குப்பை எடுப்பது, கோடையில் புல் வெட்டுவது, மாரியில் பனி தள்ளுவது எல்லாம் அவர்தான். அதற்காகக் கோயிலுக்கு ஒரு சின்ன ட்ரக்டர் இருந்தது. கூரை இல்லாத, திறந்த இருக்கை. அந்த ட்ரக்டரை அவர் ‘மெசின்’ என்பார். தன்னுடைய சுகதுக்கங்களில் பாதியை அந்த மெசினின் கணக்கில்தான் எழுதிவைத்திருந்தார்.

பனி கொட்டும் காலைகளில் ஒரு மணித்தியாலம் வெளியே ஓடிவிட்டு, கதவருகே வந்து நின்று கேட்பார்: “மெசினுக்குக் குளிருதாம். ஒருக்கா நிப்பாட்டி வைக்கட்டோ?”

“ஓம் அண்ணை, வையுங்கோ. மெசின் ஒரு பிளேன் ரீ குடிக்குமோ?” என்று நாங்கள் கேலி செய்வோம்.

“குடிக்கும் குடிக்கும். சீனி போட்டால் ரெண்டு குடிக்கும்” என்று சிரித்துக்கொண்டே உள்ளே வருவார். மீசையில் பனி கட்டியிருக்கும். திருநீறு மட்டும் அழியாமல் இருக்கும். கையுறையைக் கழற்றினால் விரல்கள் வெண்டைக்காய் மாதிரி விறைத்திருக்கும். அதைப் பார்த்தும் நாங்கள் சிரித்தோம். அவர் வைத்த பகிடிதானே என்று நினைத்தோம்.

மனைவி செத்தபிறகு அஜின்கோர்ட்டில் ஒரு நிலக்கீழ் அறையில் தனியாக இருந்தார். ஒரே மகள் மிசிசாகாவில். வந்து எங்களோடு இருங்கோ அப்பா என்று அவள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். “மெசின் தனிய நிக்குமே, பிள்ளை” என்று இவர் மறுத்துவிடுவார். ஒருநாள் அந்தப் பிள்ளை என்னிடம் தொலைபேசியில் அழுதாள். “அங்கிள், அந்த ட்ரக்டர் என்ன அவருக்குப் பிள்ளையே?” என்றாள். அவருக்கு அந்த ட்ரக்டர் என்ன என்று எனக்கு அப்போதே தெரியும். அதை விட்டால் அவருக்கு வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணமும் இல்லை.

அவரை டொக்ரரிடம் கூட்டிப்போனதும் நான்தான். மொழிபெயர்ப்புக்கு ஆள் வேண்டும் என்று மகள் கேட்டாள். வெள்ளைக்காரப் பெண் டொக்ரர். எங்கே நோகிறது என்று கேட்டார்.

“சேட்டுக் கொலர் கொஞ்சம் இறுக்குதெண்டு சொல்லுங்கோ, தம்பி.”

நான் அப்படியே சொன்னேன். டொக்ரர் அவருடைய கொலர் பொத்தானைப் பார்த்தார். அது ஏற்கெனவே கழன்றுதான் இருந்தது. பிறகு இரண்டு விரல்களால் பின்கழுத்தை மெல்ல அழுத்தினார். இவருடைய கண்களில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. சத்தம் வரவில்லை.

“டொக்ரரின்ரை கை நல்லாக் குளிருது. பாவம், ஹீற்றர் வேலை செய்யேல்லைப் போலை” என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

படம் எடுத்துப் பார்த்தார்கள். ஜன்னல் கண்ணாடி செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் தலைக்கு மேலே பாரம் தூக்கிவைத்த கழுத்து. எலும்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்துபோயிருந்தன. டொக்ரர் ஒரு தாளில் கீறிக் காட்டி, ஒவ்வொரு வசனமாக எனக்குச் சொன்னார். நான் ஒவ்வொரு வசனமாக அவருக்குச் சொன்னேன்: “கழுத்தைத் திருப்பக் கூடாதாம் அண்ணை. பின்னுக்குப் பாக்கவேணுமெண்டால் முழு உடம்பையும் திருப்பவேணுமாம். திரும்பித் திரும்பிப் பாக்கிற வேலை ஒண்டும் இனிச் செய்யவேண்டாமாம். நரம்பு நசிஞ்சால் கை விழுந்துபோமாம்.”

இந்த வசனங்கள் என் வாயால் வந்தவை. வேறு யாரோ சொல்லி நான் பாதி கேட்டவை அல்ல.

திரும்பும் வழியில் காரில் அவர் சொன்னார்: “உதைக் கோயிலிலை ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், தம்பி. மெசின் கவலைப்படும்.”

நானும் கோயிலில் சொல்லவில்லை. பிற்காலத்தில் இந்த ஒரு வாக்கைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சொல்லவேண்டாம் என்று அவரே சொன்னார்தானே என்று எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் அவர் முழுதாகத் திரும்புவார். கால், இடுப்பு, தோள் என்று ஒவ்வொன்றாக, தேர் வீதி முடக்கில் திரும்புவதுபோல. மற்றவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். கூப்பிட்டவரை முழுதாகத் திரும்பிப் பார்க்கிற மனுசன் இந்தக் காலத்தில் யார் இருக்கிறார் என்று சபைத் தலைவர் ஒருநாள் மேடையில் சொன்னார்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும்.

அதுவரை ட்ரக்டரின் முன்னாலிருந்த வாளியால்தான் பனியைத் தள்ளிக் குவித்து வந்தார். குவியல்கள் மாரி முழுக்க வளரும். தை பிறக்கும்போது தரிப்பிடத்தில் மூன்றிலொரு பங்கைப் பனி பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமைகளில் அடியார்கள் பக்கத்துப் பண்டகசாலைகளில் காரை விட்டு, அபராதச் சீட்டோடு வந்து எங்களைத் திட்டிவிட்டுப் போவார்கள். ஆகவே பனியை உறிஞ்சித் தூர வீசும் ஸ்னோ புளோவர் ஒன்றை ட்ரக்டருக்குப் பூட்டி, வேலிப்பக்கத்துப் புல்வெளியில் எறிவது என்று சபையில் முடிவாயிற்று. யார் வாங்கித் தருவது என்று தலைவர் கேட்டார். நான் கையை உயர்த்தினேன்.

என் அம்மா செத்து ஒரு வருடம் நிறையப்போகிற காலம் அது. உயிரோடு முதியோர் இல்லத்தில் இருந்தபோது கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்க்க நேரமில்லாத மகன், செத்தபிறகு பெயர் எழுத இடம் தேடினேன். எங்கள் கோயிலில் உபயம் இல்லாத பொருள் கிடையாது. மின்விசிறியில் பெயர், குளிர்சாதனப் பெட்டியில் பெயர், செருப்புத் தட்டில் பெயர். நிலம் துடைக்கும் வாளியில்கூட ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கிறது. உபயமாக வருவது பொருந்துமா பொருந்தாதா என்று யாரும் கேட்பதில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நகருக்கு வடக்கே உள்ள ஒரு கடைக்கு, ட்ரக்டரை ஒரு இழுவண்டியில் ஏற்றி, அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஓட்டப்போகிறவர் அவர்தானே. நரைத்த தாடியோடு ஒரு விற்பனையாளர் வந்து விளக்கினார். மூன்று விதமாகப் பூட்டலாம். முதலாவது, ட்ரக்டரின் முன்னால். முன்னே பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் வாளியைக் கழற்றி, ட்ரக்டரின் வயிற்றுக்குக் கீழே ஒரு சட்டகமும் புளோவரைச் சுழற்றும் தண்டும் பூட்டவேண்டும். எங்கள் ட்ரக்டருக்கு உரியதைத் தருவிக்க நாலு கிழமை ஆகும். இரண்டாவது, பின்னால். பின்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் தண்டில் கொளுவினால் சரி, இன்றைக்கே கொண்டுபோகலாம். ஆனால் வேலை முழுவதும் பின்னோக்கியே ஓட்டவேண்டும். மூன்றாவது, பின்னால் பூட்டி முன்னோக்கி இழுத்துப்போகும் வகை. ட்ரக்டரின் சில்லுகள் பனியை முதலில் நசித்துவிடும், அது ஒன்றுதான் குறை. அதுவும் கையிருப்பில் இல்லை. இரண்டு மூன்று கிழமை பிடிக்கும்.

விற்பனையாளர் பேசும்போது இவர் குனிந்து, நாங்கள் கொண்டுபோயிருந்த ட்ரக்டரின் சில்லுகளை ஒரு வெளிவிளிம்பிலிருந்து மறு வெளிவிளிம்பு வரை சாணால் அளந்தார். ஆறு சாண். “புளோவர் ஏழு சாண் இருந்தால் காணும், தம்பி. சில்லை மூடினால் போதும். அதுக்கு மேலை போனால் மெசினுக்கு மூச்சு வாங்கும்” என்றார். பிறகு முன்னால் பூட்டும் வகையின் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஒரு குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி அந்தத் தாளைத் தொட்டார். இதைவிட அவர் எதையும் வேண்டிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“உது முன்னுக்கு நிண்டால் மெசின் தன்ரை வழியைத் தானே பாத்துப் போகும்.”

“நாலு கிழமையாம் அண்ணை. திவசத்துக்கு ரெண்டு கிழமைதான் இருக்கு.”

அவர் தலையாட்டினார். பிறகு மூன்றாவதைக் காட்டினார். “உது எண்டாலும் பறவாயில்லைத்தானே?”

“அதுவும் இப்ப இல்லையாம்.”

கடை முற்றத்தில் பின்னால் பூட்டும் ஒன்று பளபளவென்று நின்றது. எட்டுச் சாண் அகலம். ஆள் உயரத்துக்கு வீசுகுழாய். அதன் அகலமான தகட்டைப் பார்த்தவுடனேயே எனக்கு அம்மாவின் பெயர் மஞ்சள் எழுத்தில் தெரிந்துவிட்டது. திவசத்தன்று அது கோயில் வாசலில் மாலையோடு நிற்கவேண்டும், ஆட்கள் பார்க்கவேண்டும். நாலு கிழமை கழித்து வந்தால் யார் பார்ப்பார்கள்?

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அந்தப் பெரிய புளோவரைப் பார்த்தார்.

“பின்னுக்குப் பூட்டினால் மெசின் நெடுகலும் திரும்பித் திரும்பிப் பாக்கவேணுமே, தம்பி. மெசினுக்குக் கழுத்து நோகாதோ?”

நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல் அதை விற்பனையாளருக்கு ஆங்கிலத்தில் பகிடியாகச் சொன்னேன். அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். நாங்கள் இரண்டுபேரும் சிரிப்பதைப் பார்த்து இவரும் சிரித்தார்.

அவரை விட்டால், அந்த வசனத்தின் பொருள் தெரிந்த ஆள் அந்த இடத்தில் நான் ஒருவன்தான். அது எனக்கு விளங்கவில்லை என்று சொன்னால் பிள்ளையார் என் வாயைப் புண்ணாக்குவார். விளங்கியது. விளங்கியதை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு வங்கி அட்டையை நீட்டினேன்.

திவசத்தன்று பூசை அமர்க்களமாக நடந்தது. ட்ரக்டரின் சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய் வைத்தார்கள். தீபத்தை எந்தப் பக்கம் காட்டுவது என்று ஐயருக்குச் சந்தேகம். உபயம் பின்னால் அல்லவா இருக்கிறது? கடைசியில் பின்பக்கம் போய் புளோவருக்கே காட்டினார். மாலையும் அதற்குத்தான். அம்மாவின் பெயர் சூரிய வெளிச்சத்தில் மின்னியது. தலைவர் ஒலிவாங்கியில் என்னை ‘தாயை மறவாத தனயன்’ என்றார். நான் கண் கலங்கினேன். அதில் பொய்யில்லை, ஆனால் எதற்காகக் கலங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படம் எடுக்கிறவர், இருக்கையில் இருந்த இவரைப் பார்த்துக் கத்தினார்: “அண்ணை, இஞ்சாலை ஒருக்காத் திரும்பிச் சிரியுங்கோ!”

அவர் திரும்பவில்லை. மெதுவாக இறங்கி, ட்ரக்டரைச் சுற்றி நடந்து வந்து, அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார். அந்தப் படம் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. விருந்தாளிகள் பார்த்துவிட்டு, நல்ல பவ்வியமான மனுசன் போல என்பார்கள்.

மாரி தொடங்கியது. முதல் கிழமையே பனிக்கட்டி சிக்கிப் புளோவர் நின்றது. உள்ளே ஒரு சின்ன போல்ட் முறிந்திருந்தது. நான் பதறிப்போனேன். அவர் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “உது முறியிறதுக்கெண்டே செய்த சாமான், தம்பி. உது முறிஞ்சால்தான் உள்ளை இருக்கிற பெரிய சாமான் தப்பும். கெட்டியான போல்ட் போட்டமெண்டால் கியர் உடைஞ்சு போம்.” அந்தப் போல்ட்டுகளில் ஒரு டசின் வாங்கி ஒரு குளிசைப் போத்தலில் போட்டு, மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நடந்தால் கிலுகிலு என்று சத்தம் வரும். அது கழுத்து நோவுக்கு டொக்ரர் எழுதிக்கொடுத்த குளிசையின் போத்தல். குளிசைகள் முடிந்துவிட்டனவா, இரண்டாம் தரம் வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

ஒருநாள் வந்து, “மெசினுக்கு ரெண்டு கண் வேணுமாம்” என்றார். உடைக்கக் கொடுக்க இருந்த என் பழைய வான் வண்டியிலிருந்து பக்கக் கண்ணாடிகள் இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. அவற்றை இரும்புப் பட்டியால் இருக்கையின் இரு பக்கமும் பூட்டினார். காற்று எதிராக அடித்தால் வீசிய பனி முழுவதும் திரும்பி வந்து கண்ணாடியில் அப்பும். ஓட்டுவார், நிறுத்துவார், கையுறையால் துடைப்பார், ஓட்டுவார். ஒரு மணித்தியால வேலை மூன்று மணித்தியாலம் ஆயிற்று. சபையில் சிலர் மனுசனுக்கு வேகம் காணாது என்றார்கள். நான் வாயே திறக்கவில்லை.

வேலை முடிந்து இறங்கும்போது ஒரு கையால் தன் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்குவார். பாரமான பானையை இறக்குகிற மாதிரி.

“எப்பிடி அண்ணை?” என்று கேட்டேன்.

“மெசினிலை கொஞ்சம் இறுக்கம். கிறீஸ் போட்டால் சரியாப் போம்.”

தை மாதத்துக் கடைசி வெள்ளி. இரவு முழுக்கக் கொட்டிய பனி காலையில் முழங்கால் அளவு இருந்தது. எட்டு மணியிருக்கும். நான் உப்பு வாளியோடு வாசற்படியில் நின்றேன். பஸ்ஸில் வரும் அன்ரி ஒருவர் அபிஷேகத்துக்குப் பால் செம்போடு, துப்புரவாக்கிய பாதையால் குறுக்கே நடந்து வந்தார். இவர் ட்ரக்டரில் பின்னோக்கி வந்துகொண்டிருந்தார். கண்ணாடிகள் இரண்டும் வெள்ளையாக இருந்தன.

“அண்ணை, பின்னாலை! பின்னாலை!”

என் சத்தம் அவருக்குக் கேட்டது. கேட்டவுடன் எந்த மனுசனும் தலையைத் திருப்புவான். அவர் தோளைத் திருப்பினார், இடுப்பைத் திருப்பினார். கால் பிறேக்குக்குப் போக ஒரு நொடி பிந்திவிட்டது. புளோவரின் ஓரம் இடித்து அன்ரி விழுந்தார். செம்பு உருண்டு உள்ளே போய், படாரென்று ஒரு சத்தத்தோடு எல்லாம் நின்றது. அந்தச் சின்ன போல்ட் முறிந்திருந்தது. பால் கொட்டின இடமே தெரியவில்லை, பனியும் வெள்ளை பாலும் வெள்ளை. நல்லகாலம், அன்ரிக்கு மணிக்கட்டு மட்டும்தான் முறிந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை இவர் தன் மேல்சட்டையை அவருக்குப் போர்த்திவிட்டு, வெறும் சேட்டோடு பனியில் முழங்காலில் இருந்தார். அன்று மெசினுக்குக் குளிருது என்று அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. தலைவர் கெட்ட மனுசன் அல்ல. அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது.

“அண்ணைக்கு வயசு போட்டுது. கண்ணும் சரியில்லைப் போலை. அண்டைக்கு அன்ரி, நாளைக்கு ஒரு சின்னப்பிள்ளை வந்து நிண்டால் என்ன செய்யிறது?” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்கள்தானே பாத்து வாங்கித் தந்தனீங்கள். ஒளிக்காமல் சொல்லுங்கோ, மெசினிலை ஏதும் பிழை இருக்கோ? எங்கடை ட்ரக்டருக்குப் பொருந்தாததை வாங்கிப்போட்டமோ?”

அறையில் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஓம், பிழை இருக்கு, முன்னுக்குப் பூட்டுறதைத்தான் வாங்கியிருக்கவேணும், அண்ணைக்குக் கழுத்துத் திரும்பாது, அது எனக்கு முதலே தெரியும் என்று சொல்லியிருந்தால் அரை நிமிடம் பிடித்திருக்கும். எனக்குப் பேச்சுத்தான் தொழில். ஆனால் சொன்னால், மஞ்சள் எழுத்தில் இருக்கும் அம்மாவின் பெயர் பிழையான சாமானின்மேல் எழுதிய பெயராகிவிடும். ‘தாயை மறவாத தனயன்’ என்று சொன்ன அதே வாயால் தலைவர் என்ன சொல்லுவார் என்றும் யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் கேவலம். வாய் தவறி வந்ததல்ல.

“மெசினிலை ஒரு பிழையும் இல்லை” என்றேன்.

இவர் கதவருகே தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். இப்போது தன் வழக்கப்படி, மெசினுக்குக் கழுத்து நோகுது என்று ஒரு வசனம் சொன்னால் போதும், யாராவது ஒருவர் ஏன் என்று கேட்பார், எல்லாம் வெளியே வந்துவிடும். வாழ்நாள் முழுக்கத் தன் நோவை எல்லாம் அந்த மெசின் தலையில் போட்ட மனுசன், போடவேண்டிய ஒரே நாள் அதுதான்.

அவர் கால், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் திருப்பி என்னை முழுதாகப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். பிறகு தலைவர் பக்கம் திரும்பினார்.

“ஓம். தம்பி சொல்லுறது சரி. மெசினிலை பிழையில்லை. என்னிலைதான் பிழை. நான் திரும்பிப் பாத்திருக்கவேணும். நான் பாக்கேல்லை.”

தன்னைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அன்றுதான். சட்டைப் பையிலிருந்து ட்ரக்டர் திறப்பையும் அந்தக் குளிசைப் போத்தலையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: “அண்ணையின்ரை கழுத்தைப் பற்றிச் சொன்னனீங்களோ?” டொக்ரரிடம் போய் வந்த அன்று, யாருக்கும் சொல்லாதே என்று சொல்லி அவளுக்கு மட்டும் சொல்லியிருந்தேன்.

“இல்லை.”

அவள் கறிச் சட்டியை என் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

அடுத்த மாத முடிவுக்குள் அவர் மகளோடு இருக்க மிசிசாகாவுக்குப் போய்விட்டார். அடுத்த மாரிக்குச் சம்பளத்துக்கு ஒரு ஆளை வைத்தோம். முப்பது வயசு, எருமைக்கடா மாதிரி உடம்பு. இரண்டு நாள் ஓட்டிவிட்டு மூன்றாம் நாள் திறப்பை நீட்டினான். “இந்தப் பார்க்கிங் லொட்டுக்கு உதை ஆர் செலெக்ட் பண்ணினது? கழுத்துப் போச்சு அங்கிள். முன்னுக்குப் போடுறதெண்டால் சொல்லுங்கோ, வாறன்” என்றான். அவன் ‘எனக்கு’ என்று சொல்லத் தெரிந்தவன். சபை ஒரு கூட்டத்தில் முடிவெடுத்தது. முன்னால் பூட்டும் வகை வந்தது, ஏழு சாண், வேறொரு குடும்பத்தின் உபயம். என்னுடையது கோயிலின் பின்பக்கம் வேலியோரம் நிற்கிறது. இரும்பு கறள் பிடித்துவிட்டது. பெயின்ற் நல்ல பெயின்ற்; அம்மாவின் பெயர் மட்டும் மங்காமல் இருக்கிறது.

அந்த மார்கழியில் அவரைப் பார்க்கப் போனேன். நெடுஞ்சாலை முழுக்கக் காருக்குள் சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன்: நான்தான் பிழை விட்டனான், அண்ணை. எனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது. நான் பொய் சொன்னனான். மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் தடக்காமல் வந்தது.

மகள் வேலைக்குப் போயிருந்தாள். அவரே கதவைத் திறந்தார். மெலிந்திருந்தார். இடது கை சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு கையாலேயே தேநீர் போட்டுத் தந்தார். பதினாலாம் மாடி ஜன்னலால் கீழே பார்த்துக்கொண்டு நின்றோம். யாரோ ஒருவன் சின்ன ட்ரக்டரால் பனி அள்ளிக்கொண்டிருந்தான்.

“முன்னுக்குப் பூட்டியிருக்கிறான்” என்றார் அவர். “மெசினுக்கு நல்ல சுகம்.”

இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்காது. நான் வாயைத் திறந்தேன். மூன்று தரம் வந்த வசனம் வரவில்லை. கடைசியில் வெளியே வந்தது இதுதான்:

“அண்ணை... மெசினுக்கு உங்களிட்டை மன்னிப்புக் கேக்கவேணும்போலை இருக்காம்.”

அவர் கால், இடுப்பு, தோள் என்று என் பக்கம் திரும்பினார்.

“மெசினிட்டைச் சொல்லுங்கோ, தம்பி. அதிலை பிழையில்லை எண்டு நான் அண்டைக்கே சொல்லிப்போட்டன்.”

சொல்லிவிட்டு என் கோப்பையை வாங்கி, கேட்காமலே இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினார். நான் குடித்தேன். பிறகு வேறு கதைகள் கதைத்தோம். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கீழே வந்து காரை எடுத்தேன். விருந்தாளிகளுக்கான தரிப்பிடம், நெருக்கமான இடம். பின்பக்கக் கமராவைச் சேற்றுப்பனி மூடியிருந்தது, திரையில் ஒன்றும் தெரியவில்லை. இருக்கையின் மேல் கையைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். என் கழுத்து ஒரு நோவும் இல்லாமல் நன்றாகத் திரும்பியது.